ஊ2-23

பிப்ரவரி 8

அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். படித்தால் பொய்யாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறேன்.

தடியன் செத்துவிட்டான். ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு. போன மாதம் ரயிலடியில் அந்த நாய்க்குட்டியை என் மடியில் வைத்து, “பாத்துக்கோ, இனிமே இவனும் உன் வீட்டுல ஒரு ஆளு” என்று கொடுத்தீர்களே, அந்த ஆள்தான்.

எப்படிச் செத்தான் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும். நான் மட்டும் எதற்கு அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

மூன்றாம் தேதி காலையில் பால் கிண்ணத்தை வைத்தேன். கிண்ணத்தையே முழுங்குகிறவன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். உதட்டை உதட்டை நக்கினான். வாயில் ஒன்றுமே இல்லாமல் மடக் மடக்கென்று விழுங்கினான். முதுகைக் கூனிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தான். பூச்சியாக இருக்கும் என்று பூச்சி மருந்தை ஊற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அறை முழுக்க மஞ்சள் நுரை. மறுநாள் பின்பக்கம் ஆரம்பித்தது. முதலில் தண்ணீராக, பிறகு ரத்தமாக. சீ! அந்த வாடையை எந்தத் தாளில் எழுதுவது? அழுகின கறியைத் துருப்பிடித்த டப்பாவில் போட்டு மூடி வைத்துத் திறந்த மாதிரி. தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. துண்டில், தலையணையில், வாய்க்குள் வைக்கிற சோற்றில்கூட அதுதான். நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். அவர் பலகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “ஏம்மா, இங்க எலி எதுவும் செத்துக் கிடக்குதா?” என்று கேட்டார். கூனிக்குறுகிப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள்தான் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் இருந்தே மோப்பம் பிடித்துச் சொல்லிவிட்டார், “பார்வோ. குட்டி நாய்ங்களுக்கு வர்ற தொத்து பேதி. லேட்டா வந்துட்டீங்களே.” குளுக்கோஸ் ஏற்றினார். மறுநாள் காலை என் கையிலேயே கடைசியாக ஒரு தரம் கழிந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான்.

இப்போது நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். நோயுள்ள குட்டியை ஏன் என் தலையில் கட்டினீர்கள்? கூடவே ஒரு துணி வேறு. நீலக் கட்டம் போட்டது. மூலையில் உங்கள் ஆஸ்பத்திரி லாண்டரி மையில் ‘ஊ2-23’ என்று எழுதியிருக்கிறது. நீங்கள் எனக்குத் தந்த துண்டுகளில் ‘கா7’, ‘மே4’ என்றெல்லாம் இருக்குமே, அந்த மாதிரி. ஆஸ்பத்திரியில் எந்த நோயாளி படுத்த துணியோ, எந்த வார்டோ, யார் கண்டது? வேலை செய்கிற இடத்தில் மிஞ்சின குப்பையில் என் குழந்தையைச் சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்தத் துணியையும் அவன் பெல்ட்டையும் தனிப் பார்சலில் போட்டிருக்கிறேன். துவைக்கவில்லை. வேண்டுமென்றேதான் துவைக்கவில்லை. நீங்களும் ஒரு தரம் மோந்து பாருங்கள்.

உங்கள் நாத்தனார்

•

பிப்ரவரி 13

ஏம்மா நாத்தனாரே,

உன் கடிதமும் பார்சலும் பதினோராம் தேதி ஒன்றாக வந்து சேர்ந்தன. கடிதத்தை நான் சாப்பிடும்போது பிரித்தேன், என் கெட்ட நேரம். மஞ்சள் நுரை வரைக்கும் வந்தேன். தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். இப்படியா ஒருத்தி விலாவாரியாக எழுதுவாள்? ‘உதட்டை உதட்டை நக்கினான்’ என்கிறாய், ‘மடக் மடக்’ என்கிறாய். கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. உன் அண்ணன் மிச்சத்தைப் படித்துவிட்டு, “இவ கண்ணாடிக் கடையில இருக்க வேண்டியவளே இல்ல” என்றார்.

தடியன் போனதற்கு நான் அழவில்லை என்று நினைக்காதே. அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அதற்குப் பிறகு அழுகை நின்றுவிட்டது. நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள், தெரியும். நீ பேனாவிலும் நரம்பில்லாமல் எழுதுகிறாய்.

ஊ2-23. அது வார்டு நம்பர் இல்லை, தாயே. ஊ என்றால் ஊசி. இரண்டாவது ஊசி. இருபத்து மூன்றாம் தேதி.

பிறந்தது இரண்டே குட்டி. இரண்டுக்கும் ஜனவரி இரண்டாம் தேதி முதல் ஊசியை நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். அடுத்தது இருபத்து மூன்றாம் தேதி என்றார்கள். சீட்டில் எழுதிக் கொடுத்தால் நீ தொலைப்பாய். உன் கல்யாணப் பத்திரிகையையே தொலைத்தவள் நீ. அதனால்தான் எங்கள் லாண்டரியில் எதையும் தொலைக்காமல் இருக்க நாங்கள் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். அழியாத மையில் துணி மூலையில் எழுதினேன். ரயில் நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்தினேனே, “துணியில குறிச்சிருக்கேன், பாத்துக்கோ!” என்று. நீயும் மண்டையை ஆட்டினாய்.

அது ஆஸ்பத்திரித் துணியும் இல்லை. இவன் தாய், எங்கள் பெரியவள், குட்டி போட்ட துணி. தாய் வாடை இருந்தால் புது வீட்டில் குட்டி அழமாட்டான் என்று பாதியைக் கிழித்து உனக்குக் கொடுத்தேன். மிச்சப் பாதி என்னிடம் நின்ற மற்ற குட்டிக்கு, கடைக்குட்டிக்கு. அது நைந்து போய்விட்டது.

நாள் முழுக்க ஊரையெல்லாம் உட்கார வைத்து, “இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா” என்று கேட்கிறவள் நீ. உன் மடியில் இருந்த நாலு எழுத்து உனக்குத் தெரியவில்லை. இதில் குப்பை என்று என்னைச் சொல்கிறாய். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

பார்சலைப் பிரித்தேன். தூ! நான் இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவள். பிரசவத் துணி, ஆபரேஷன் துணி, எல்லாம் பார்த்த மூக்கு இது. இதுவே ஒரு நிமிடம் திரும்பிக்கொண்டது. மோந்து பார் என்று சொன்னாய் அல்லவா, பார்த்தாகிவிட்டது. திருப்தியா?

ஆனால் என் கைக்கு வந்த அழுக்கு அழுக்காகத் திரும்பிப் போனதில்லை. அதையும் தெரிந்துகொள். வெந்நீரில் ஊறப்போட்டு, சோப்பு வைத்து நாலு தண்ணீர் அலசி, அடிக்கிற வெயிலில் உலர்த்தினேன். வெள்ளைத் துணி என்றால் பிளீச்சிங்கில் போட்டிருப்பேன். இது கட்டம் போட்டது. சாயத் துணியில் பிளீச்சிங் படக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். இப்போது வந்து பார், நீலம் நீலமாக இருக்கிறது. புதுத் துணி தோற்றுப் போகும். வாடையும் போயிற்று, வம்பும் போயிற்று. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து கடைக்குட்டி அதன் மேல்தான் படுத்திருக்கிறான். அவன் அண்ணன் துணி, அவன் படுக்கட்டும்.

பெல்ட்டை ஆணியில் மாட்டியிருக்கிறேன். அதைக் கழுவ மனசு வரவில்லை.

அண்ணி

•

தந்தி
பிப்ரவரி 16

துணியைக் குட்டியிடமிருந்து உடனே எடுக்கவும் எரிக்கவும் பெல்ட்டையும் டாக்டரிடம் காட்டவும் கடிதம் பின்னால்

•

பிப்ரவரி 16

அண்ணி,

தந்தி கொடுத்துவிட்டு நேராக வந்து எழுதுகிறேன். என்னைத் திட்டிக்கொண்டே படியுங்கள், ஆனால் முழுசாகப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தை இன்று காலை கடையில் பிரித்தேன். ஊ என்றால் ஊசி என்ற வரிக்கு வந்ததும் எதிரில் எழுத்துப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி உடைக்கலாம் போல இருந்தது. என் மேல் எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது, அண்ணி. ஒரு மாதமாக அந்தத் துணியை உதறி உதறிப் போட்டேன். அந்த மூலையைப் பார்த்து, ‘அண்ணி எதையும் விடமாட்டாங்க, கிழிசலுக்குக்கூட நம்பர்’ என்று சிரிக்கவும் செய்தேன்.

அடுத்த பக்கத்தில், ‘கடைக்குட்டி அதன் மேல்தான் படுத்திருக்கிறான்’ என்று இருந்தது. அதைப் படித்ததும் எழுந்து டாக்டரம்மாவிடம் ஓடினேன். முதலில் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் இன்றுதான் கேட்டேன்.

நான் உங்களை நோயுள்ள குட்டியைக் கொடுத்ததாகச் சொன்னேன். டாக்டரம்மா, “எப்ப வாங்கினீங்க?” என்றார். ஜனவரி ஐந்து என்றேன். “எப்ப ஆரம்பிச்சது?” பிப்ரவரி மூன்று. “இந்தக் கிருமி உள்ள போனா மூணு நாள்லேருந்து ஒரு வாரத்துல காட்டிடும். மிஞ்சிப் போனா ரெண்டு வாரம். அவங்க வீட்டுலேருந்து வந்ததா இருந்தா ஜனவரியிலேயே தெரிஞ்சிருக்கும். உங்க இடத்துலதான் பிடிச்சிருக்கு” என்றார். என் இடத்தில் எங்கே? வீட்டுக்காரம்மாவைப் போய்க் கேட்டேன். முதலில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். விடாமல் கேட்ட பிறகு, “உனக்கு முன்ன இருந்தவங்க நாய் ஒண்ணு வாந்தி பேதியில போச்சு. அது ஆச்சு ஏழெட்டு மாசம். பினாயில் ஊத்திக் கழுவியாச்சே, அதுக்கென்ன இப்ப?” என்கிறாள். அதுக்கென்னவாம்! தடியன் தினமும் அந்தப் பின்பக்க மண்ணில்தான் புரண்டான். நானும் ‘விளையாடுறான், விளையாடுறான்’ என்று கைதட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி, அந்தக் கிருமி பினாயிலுக்குச் சாகாது. சோப்புக்குச் சாகாது. வெயிலில் ஒரு நாள் காயப்போட்டாலும் நம்ப முடியாதாம். மண்ணில் ஒரு வருடம்கூட இருக்குமாம். கண்ணுக்குச் சுத்தம், மூக்குக்குச் சுத்தம், ஆனால் அது அங்கேயே இருக்கும். அதைக் கொல்வது பிளீச்சிங்தான். அழுக்கை நன்றாகக் கழுவி எடுத்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் தண்ணீருக்கு முப்பது பங்கு தண்ணீர் விட்டு, பத்து நிமிடமாவது ஊறவேண்டும். நீங்கள் நாள் முழுக்கக் கையாளுகிற அதே பிளீச்சிங். நீலம் போகக்கூடாது என்று அதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

கடைக்குட்டிக்கு இரண்டு ஊசி ஆகிவிட்டதே என்று சொன்னேன். அதையும் நம்பி உட்காரக்கூடாதாம். தாய்ப்பாலில் வந்த பாதுகாப்பு உடம்பில் இருக்கிற வரைக்கும் ஊசியை வேலை செய்யவிடாதாம். அது எப்போது தீரும் என்று எந்தக் குட்டிக்கும் சொல்ல முடியாது. அதனால்தான் பதினாறு வாரம் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைக்குட்டிக்குப் பன்னிரண்டு வாரம்தான் ஆகிறது.

நான் வேண்டுமென்றே துவைக்காமல் அனுப்பினேன். அதை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஒட்டுவதற்கு எச்சில் தொட்டு, நூல் கட்டி, இன்னும் நன்றாக நாறட்டும் என்று அழுத்திச் சுற்றினேன். தபாலில் விஷத்தை அனுப்பியிருக்கிறேன். என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவன் கிண்ணத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். பூச்சி மருந்து கொடுக்காதீர்கள். நான் செய்த எதையும் செய்யாதீர்கள்.

நாத்தனார்

•

பிப்ரவரி 25

நாத்தனாருக்கு,

தந்தி பதினாறாம் தேதி சாயங்காலமே வந்தது. நம்பவில்லை. இருபத்தாறு வருடக் கையைப் பார்த்து, ‘எரி’ என்கிறாளே என்று தந்தியைக் கசக்கி எறிந்தேன். துணியை எடுக்கவும் இல்லை. இதை உன்னிடம் சொல்லாமல் மறைக்கலாம் என்று பார்த்தேன். நீ எல்லாவற்றையும் எழுதிவிட்டாய், நான் எப்படி மறைப்பது?

பதினேழாம் தேதி காலையில் கிண்ணத்தை வைத்தேன். முகத்தைத் திருப்பினான். சரி, தூக்கம் தெளியவில்லை போல என்று நினைத்தேன். அப்போது உதட்டை நக்கினான். திரும்ப நக்கினான். வெறும் வாயில் மடக்கென்று விழுங்கினான். சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேனே, அதே வரி என் கண் முன்னால் நடக்கிறது. நீ அப்படி விலாவாரியாக எழுதாமல் இருந்திருந்தால் நானும் பூச்சி மருந்துதான் கொடுத்திருப்பேன். வாந்தி வருவதற்கு முன்பே டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். “இன்னும் ஒண்ணும் ஆகலையே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார். என் நாத்தனார் எழுதியிருந்தாள் என்றேன்.

பிறகு ஆனது எல்லாம் நீ பார்த்ததுதான். அதே நுரை, அதே ரத்தம், அதே வாடை. மற்ற நாய்களுக்குத் தொற்றிவிடும் என்று அங்கே வைத்துக்கொள்ளவில்லை. குளியலறையில் அடைத்து, காலையும் மாலையும் டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். நோயைக் கொல்ல மருந்து கிடையாதாம். தண்ணீர் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, அவன் உடம்பு சண்டை போடும்வரை ஆளைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உன் அண்ணன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே ஓடிப் போய் ஓங்கரிப்பார். திரும்பி வந்து, “குடு” என்பார். மனுஷனை முப்பது வருடத்தில் இவ்வளவு பிடித்ததில்லை எனக்கு.

நான் ஓங்கரிக்கவில்லை. எனக்கு அருவருப்பு வேறு இடத்தில் இருந்தது. அவன் கழியும்போதெல்லாம் மூலையில் அந்த நீலத் துணி பளிச்சென்று கிடந்தது. பார்த்துப் பார்த்துத் துவைத்தது. கட்டம் ஒன்றுகூட மங்கவில்லை. என் சுத்தத்தைப் பார்க்கத்தான் எனக்குக் குமட்டியது. நீ அழுக்காகக் கொடுத்தாய். அழுக்கு என்றாவது தெரிந்தது. நான் அல்லவா அதை வெளுத்து, மடித்து, அவன் வயிற்றுக்குக் கீழே விரித்தேன்.

பத்தொன்பதாம் தேதி உன் கடிதம் வந்தது. படித்த கையோடு லாண்டரியிலிருந்து பிளீச்சிங் கொண்டுவந்து தரை, சுவர், கிண்ணம், செருப்பு எல்லாவற்றையும் ஊறவைத்தேன். பெல்ட்டை மட்டும் எரித்தேன். மன்னித்துக்கொள்.

நேற்று முன்தினம் வாந்தி நின்றது. இன்று காலையில் நான் குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஏதோ இழுத்தது. திரும்பிப் பார்த்தால் கடைக்குட்டி என் செருப்பைக் கவ்விக்கொண்டு உறுமுகிறான். எலும்பும் தோலுமாக இருக்கிறான், நிற்கும்போது ஆடுகிறான், ஆனால் உறுமுகிறான். பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு வாரம் எந்த நாயையும் பக்கத்தில் விடக்கூடாது, இவன் உடம்பிலிருந்து கிருமி வெளியே வந்துகொண்டிருக்கும் என்றார்.

பெரியவள் நல்லபடியாக இருக்கிறாள். அவளுக்கு வருடா வருடம் போட்ட ஊசி காப்பாற்றியது. ஜன்னல் வழியாகக் குட்டியைப் பார்த்து வாலாட்டுகிறாள்.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று உன் அண்ணன் கேட்டார். போகவில்லை. கொஞ்சம் இருக்கிறது. நீயும் கொஞ்சம் வைத்துக்கொள்.

அண்ணி

•

மார்ச் 1

அண்ணி,

செருப்பைக் கடித்தான் என்ற இடத்தைக் கடையிலேயே நாலு தரம் படித்தேன். எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, “நல்ல சேதியா?” என்று கேட்டார். ஒரு நாய் செருப்பைக் கடிக்கிறது என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்காரம்மாவிடம் சண்டை போட்டுப் பின்பக்கக் கதவில் ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். ‘நாய்க்குட்டிகளை இங்கே விடாதீர்கள். பார்வோ.’ தூரத்தில் நின்று படிக்கிற மாதிரி, எங்கள் பலகையின் முதல் வரி அளவுக்குப் பெரிய எழுத்து. “வீட்டுக்கு யாரும் குடி வர மாட்டாங்களே” என்று புலம்புகிறாள். இரண்டு தரம் கழற்றினாள். மூன்றாம் தரம் ஆணி அடித்துவிட்டேன்.

இனி நான் நாய் வளர்க்கமாட்டேன். ஆனால் அந்தத் துணி இன்னும் இருக்கிறதா? எரித்திருந்தால் பரவாயில்லை. எரிக்காவிட்டால் எனக்கு வேண்டும். அவனுடையது என்று என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும்தான் பார்சல் கட்டி உங்களுக்கு அனுப்பிவிட்டேனே.

நாத்தனார்

•

மார்ச் 6

நாத்தனாருக்கு,

எரிக்கவில்லை. பிளீச்சிங்கில் போட்டேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தரமாகச் சாயத் துணியைத் தெரிந்தே போட்டேன். பத்து நிமிடம் போதும் என்று எழுதியிருந்தாய். நான் ஒரு நாள் முழுக்க வைத்தேன். கட்டம் போய்விட்டது. நடுவில் இரண்டு இடத்தில் இற்றும் போய்விட்டது. இப்போது வெறும் வெள்ளை.

எங்கள் மை மட்டும் முழுசாகப் போகவில்லை. ‘ஊ2-23’ பழுப்பாகத் தெரிகிறது. அதைத் தொடாதே, இருக்கட்டும். எதிர் மூலையில் புதுசாக ஒன்று எழுதியிருக்கிறேன். சுருக்கி எழுதவில்லை. உனக்குச் சுருக்கி எழுதினால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அண்ணி

•

மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

துணி வந்தது. மூலையைத்தான் முதலில் பார்த்தேன்.

‘அடுத்த வருடம் பிப்ரவரி 6. உன் வீட்டு மண்ணில் கிருமி செத்திருக்கும். அதற்குள் கடைக்குட்டிக்கு எல்லா ஊசியும் முடிந்திருக்கும். அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நாய் வளர்க்கமாட்டேன் என்று அவனிடமே சொல்.’

முழுசாகப் படித்தேன். இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தேன். தேதியை எழுதி அடுப்படிச் சுவரிலும் ஒட்டிவிட்டேன்.

பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துணியை மூக்கில் வைத்துப் பார்த்தேன். எந்த வாடை தலைமுடியை விட்டுப் போகட்டும் என்று ஒரு வாரம் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேனோ, அதில் ஒரு துளியாவது இருக்காதா என்று தேடினேன். பெரியவள் வாடை இல்லை. தடியன் வாடை இல்லை. அந்த நாற்றம்கூட இல்லை. வெறும் பிளீச்சிங்.

அதற்குத்தான் அழுதேன், அண்ணி. நன்றாக வெளுத்திருக்கிறீர்கள்.

உங்கள் நாத்தனார்